அயலார் என்பவர் யார்? அந்நியத்தன்மை குறித்த ஓர் எளிய விளக்கம்

பிறந்து சில வாரங்களே ஆன குழந்தையை யார் தூக்கினாலும் அது பெரும்பாலும் மறுப்பதில்லை. அதே குழந்தை ஆறு மாதத்தைக் கடந்து எட்டாம், ஒன்பதாம் மாதத்தை எட்டும்போது, புதியவர் ஒருவர் கை நீட்டினால் உதட்டைப் பிதுக்குகிறது. தாயின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொள்கிறது. சில வேளைகளில் வீறிட்டு அழுகிறது. ‘குழந்தை வேற்றுமுகம் பார்க்கத் தொடங்கிவிட்டது’ என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். குழந்தை உளவியலும் இதை வளர்ச்சியின் இயல்பான ஒரு படியாகவே கருதுகிறது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. முன்பும் அந்தக் குழந்தைக்கு அறிமுகமில்லாதவர்கள் இருந்தார்கள். ஆனால் வேற்றுமுகம் என்ற ஒன்று இருக்கவில்லை. இவர்கள் என்னவர்கள் என்பது மனத்தில் உறுதிப்பட்ட பிறகுதான், அவர்களுள் சேராதவர் என்ற வகையே அதற்குத் தோன்றுகிறது. உறவு முதலில் வருகிறது. அந்நியர் அதன் பின்னே வருகிறார்.

அந்நியர் என்றால் நமக்குத் தெரியாதவர் என்பதே வழக்கமான விளக்கம். அகராதிக்கு இது போதும். ஆனால் சற்றே அழுத்திப் பார்த்தால் இந்த விளக்கம் தாங்காது. உலக மக்கள்தொகை 2022-இல் 800 கோடியைத் தாண்டிவிட்டது. அவர்களில் சில ஆயிரம் பேரைத் தவிர எவரையும் நாம் அறிய மாட்டோம். ஆயினும் அத்தனை பேரையும் நாம் அந்நியர்களாக உணர்வதில்லை. எங்கோ ஒரு மலைச்சரிவில் வாழும், நாம் கேள்வியே படாத ஒரு மனிதர் நம் கணக்கிலேயே இல்லை. நேற்று எதிர்வீட்டுக்குக் குடிவந்து, இன்று காலை படிக்கட்டில் நம்மைக் கடந்து சென்றவரோ கணக்கில் இருக்கிறார். அவருடைய மொழி எது, பழக்கம் என்ன, எத்தனை நாள் இருப்பார், பார்த்தால் சிரிக்க வேண்டுமா என்றெல்லாம் மனம் கேட்கிறது. ஆகவே அந்நியராக இருப்பதற்கு, அறியப்படாமல் இருப்பதோடு அருகிலும் இருக்க வேண்டும்.

இந்தக் கருத்தைத் தெளிவாக எடுத்துச் சொன்னவர் ஜெர்மானியச் சிந்தனையாளர் கியோர்க் சிம்மல். 1908-இல் வெளிவந்த அவருடைய பெரிய சமூகவியல் நூலில், வெளி அல்லது இடம் என்பது சமூக வாழ்வை எப்படி வடிவமைக்கிறது என்று ஆராயும் இயலின் நடுவே, சில பக்கங்களே கொண்ட ஒரு கிளைக்குறிப்பாக இது இடம்பெற்றது. அந்தச் சில பக்கங்கள் பின்னர் தனிக் கட்டுரையாகவே படிக்கப்பட்டு, அந்த நூலின் மற்ற பகுதிகள் பலவற்றை விடவும் புகழ்பெற்றுவிட்டன. இன்று வந்து நாளை போய்விடும் வழிப்போக்கரைப் பற்றித் தாம் பேசவில்லை என்றும், இன்று வந்து நாளையும் இருக்கப்போகிறவரைப் பற்றியே பேசுவதாகவும் சிம்மல் கூறினார். போய்விடக் கூடியவர், ஆனால் போகாதவர். குழுவுக்குள் இருப்பவர், ஆனால் தொடக்கத்திலிருந்து அதைச் சேர்ந்தவர் அல்லர். எந்த மனித உறவிலும் நெருக்கமும் தொலைவும் ஏதோ ஓர் அளவில் கலந்திருக்கின்றன என்றும், அந்நியர் விஷயத்தில் அந்தக் கலவை ஒரு தனி வடிவம் கொள்கிறது என்றும் அவர் விளக்கினார். சிரியஸ் விண்மீனில் வாழ்பவர்கள் என்று எவரேனும் இருந்தால், அவர்கள் நமக்கு அந்நியர்கள் அல்லர் என்பது அவர் தந்த வேடிக்கையான எடுத்துக்காட்டு. நமக்கும் அவர்களுக்கும் உறவே இல்லை. அந்நியத்தன்மையோ ஓர் உறவு.

யூத மரபில் வந்த குடும்பத்தில் 1858-இல் பெர்லினில் பிறந்த சிம்மல், அந்நகரின் பல்கலைக்கழகத்தில் கூட்டம் நிரம்பி வழியும் விரிவுரைகளை நிகழ்த்திவந்தும், முழுப் பேராசிரியர் பதவியை 1914-இல், ஐம்பத்தாறாம் வயதில், வேறொரு நகரமான ஸ்ட்ராஸ்பூர்கில்தான் பெற முடிந்தது. உள்ளே இருந்துகொண்டே சேராதவராக இருப்பது என்னவென்று அவர் நூல்களில் மட்டும் படித்துத் தெரிந்துகொண்டிருக்க முடியாது என்றே எனக்குத் தோன்றுகிறது.

சிம்மல் பல வாக்கியங்களில் விளக்கியதைத் தமிழ் ஒரே சொல்லில் வைத்திருக்கிறது. ‘அயல்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். அயல்வீடு என்றால் பக்கத்து வீடு. அயல்நாடு என்றால் வேற்று நாடு. அண்டை அயலார் என்று சேர்த்துச் சொல்லும்போது ஒட்டி வாழ்பவர்களைக் குறிக்கிறோம். அயலான் என்று தனியே சொல்லும்போது நம்மவன் அல்லாதவனைக் குறிக்கிறோம். அருகில் இருப்பதும் நம்முடையதாக இல்லாதிருப்பதும் ஒரே சொல்லுக்குள் அடங்கிக் கிடக்கின்றன. ‘ஏதிலார்’ என்ற பழஞ்சொல் இதற்கு வேறானது. அது நம்மோடு எந்தத் தொடர்பும் இல்லாதவரைச் சுட்டுவது. சிரியஸ்வாசிகளை ஏதிலார் எனலாம். எதிர்வீட்டுக்குப் புதிதாக வந்தவர் அயலார். இன்று நாம் மிகுதியாகப் பயன்படுத்தும் ‘அந்நியர்’ என்ற வடசொல் வழிவந்த வழக்கு, பிறர் என்ற பொதுப்பொருளை மட்டுமே தருவதால், இந்த இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிடுகிறது. குழப்பத்தில் ஒரு பகுதி அங்கிருந்தே தொடங்குகிறது.

‘விருந்து’ என்ற சொல்லும் இங்கே நினைக்கத் தக்கது. அதன் பழம்பொருள் புதுமை. தொல்காப்பியத்தில் புதிதாகப் புனையப்படும் செய்யுளுக்கே விருந்து என்று பெயர். அந்த வகையில் விருந்தினர் என்பவர் உறவினர் அல்லர், புதிதாக வந்தவர். கிரேக்க மொழியில் ‘க்ஸெனோஸ்’ என்ற ஒரே சொல் அந்நியரையும் விருந்தினரையும் குறித்தது. இலத்தீனில் கதை வேறுவிதமாகத் திரும்பியது: ‘ஹோஸ்டிஸ்’ என்ற சொல் தொடக்கத்தில் வேற்று நாட்டவரைக் குறித்து, பின்னாளில் பகைவர் என்ற பொருளை ஏற்றது. புதிதாக வந்தவரை எந்தப் பக்கம் வைப்பது என்று மொழிகளே தயங்கியிருக்கின்றன. 1795-இல் நிலையான அமைதி குறித்து எழுதிய ஜெர்மானியத் தத்துவஞானி இம்மானுவேல் காண்ட், பிறர் மண்ணுக்கு வரும் ஒருவருக்குப் பகைவராக நடத்தப்படாமல் இருக்கும் உரிமை உண்டு என்று வரையறுத்தபோது, அவ்வுரிமை விருந்தினராகத் தங்கும் உரிமை ஆகாது, வந்து பார்க்கும் உரிமை மட்டுமே என்று பிரித்துக் காட்டினார். வருவது பற்றிய கேள்விக்கு ஓரளவு விடை கிடைத்தது. தங்குவது பற்றிய கேள்வி அப்படியே நின்றது; உண்மையில் அந்நியர் என்ற சிக்கலே அங்கேதான் இருக்கிறது.

அந்தச் சிக்கல் ஏன் எழுகிறது? நண்பரோடும் பகைவரோடும் எப்படி நடந்துகொள்வது என்று மனிதர்களுக்குத் தெரியும். பகைவர் ஆபத்தானவராக இருக்கலாம். ஆனால் அவர் யார் என்பதில் ஐயமில்லை. தமிழ் உரையாசிரியர்கள் பகை, நட்பு என்ற இரண்டோடு ‘நொதுமல்’ என்று மூன்றாவது ஒன்றையும் வைத்தார்கள். இரண்டிலும் சேராதவர் நொதுமலர். அந்நியர் இந்த மூன்றாம் இடத்தில் நிற்கிறார். அவர் நண்பராகலாம், பகையாகலாம், எதுவுமாகாமலே போகலாம். இந்த உறுதியின்மைதான் அவரைக் கண்டவுடன் உள்ளூரார் பேச்சைச் சற்றே நிறுத்திக்கொள்வதற்கும், அவர் நகர்ந்தபின் கூடுதலாகப் பேசுவதற்கும் காரணம். அவர் செய்த ஏதோ ஒன்றுக்கான எதிர்வினையாக இதைக் கருத வேண்டியதில்லை. அவர் இன்னும் எதுவும் செய்யவில்லை.

இங்கே ஒரு வேறுபாட்டையும் குறித்துக்கொள்ள வேண்டும். வெளிநாட்டவர் என்பது சட்டம் தரும் நிலை. ஒரு சான்றிதழால் தொடங்கி இன்னொரு சான்றிதழால் முடிந்துவிடக் கூடியது. அந்நியர் என்பது மனிதர்கள் ஒருவருக்கொருவர் தரும் நிலை. குடியுரிமை பெற்ற பிறகும் ஒருவர் அந்நியராக நீடிக்கலாம். ஒரே நாட்டின் குடிமகன் ஒரு தெரு தள்ளிப் போனாலே அந்நியராகலாம்.

பழங்காலத்து ஏதென்சில் இந்த இரு நிலைகளும் ஒன்றாகவே பிணைக்கப்பட்டிருந்தன. வேற்றூரிலிருந்து வந்து அங்கே தங்கியவர்கள் ‘மெட்டிக்’ என்று அழைக்கப்பட்டார்கள். அவர்கள் தங்களுக்கு ஒரு குடிமகனைப் பொறுப்பாளராகக் காட்ட வேண்டும். ஆண்கள் ஆண்டுக்கு 12 திராக்மா தனி வரி செலுத்த வேண்டும். நகரத்துக்காகப் போரிடவும் வேண்டும். வாக்களிக்கும் உரிமை அவர்களுக்கு இல்லை. தனிச் சலுகை வழங்கப்பட்டாலன்றி நிலமோ வீடோ சொந்தமாக வாங்கவும் முடியாது. ஸ்டாகிராவில் பிறந்து, ஏதென்சில் கற்று, கற்பித்து, அந்நகரின் அறிவுப் பெருமைக்கே அடையாளமாகிவிட்ட அரிஸ்டாட்டில் அங்கே வாழ்ந்ததும் ஒரு மெட்டிக்காகத்தான். அந்நியர் இயல்பிலேயே நிலத்துக்கு உரியவராக இருப்பதில்லை என்று சிம்மல் சொல்வதன் பொருளை இந்த வரலாறு விளக்குகிறது. அவர் ‘நிலம்’ என்று சொன்னது மண்ணை மட்டும் குறிப்பதன்று. ஒரு குழுவின் வாழ்வில் அசையாமல் நிலைத்துவிட்ட எந்த இடத்தையும் அது குறிக்கும். உள்ளூரில் எல்லா இடங்களும் நிரம்பிவிட்ட பிறகு வருபவருக்கு எஞ்சியிருப்பது இடைநிலைத் தொழில்களே. அந்நியர் பல சமூகங்களின் வரலாற்றிலும் முதலில் வணிகராகவே தென்படுவதற்குச் சிம்மல் கூறும் காரணம் இதுதான்.

அந்நியரை நாம் தனி மனிதராகப் பார்ப்பதில்லை, ஒரு வகையாகவே பார்க்கிறோம் என்பது சிம்மலின் அடுத்த கருத்து. இதற்கு அவர் தரும் சான்று இடைக்கால ஃபிராங்ஃபர்ட் நகரின் வரி. கிறித்தவக் குடிமகன் செலுத்திய வரி அவருடைய செல்வத்துக்கு ஏற்ப ஏறி இறங்கியது. யூதர் ஒவ்வொருவருக்குமான வரியோ ஒரேயடியாக நிர்ணயிக்கப்பட்டிருந்தது. குடிமகனிடம் ‘உனக்கு எவ்வளவு இருக்கிறது’ என்று கேட்ட வரிப்பதிவேடு, யூதரிடம் ‘நீ யார்’ என்ற கேள்வியோடு நின்றுவிட்டது. வரிப்பதிவேடுகள் மாறிவிட்டன, பார்வை அவ்வளவு எளிதில் மாறவில்லை. நமக்குத் தெரிந்தவர் ஒருவர் சினந்து பேசினால் அது அவருடைய குணம், அல்லது அன்றைய அலுப்பு. புதிதாக வந்தவர் சினந்து பேசினால் ‘அந்தப் பக்கத்து ஆட்களே இப்படித்தான்’ என்ற முடிவு உடனே வந்துவிடுகிறது. நற்பண்புக்கும் இதே கதிதான். அவர் கடினமாக உழைத்தால் அதுவும் அவருடைய கூட்டத்தின் இயல்பாகிவிடுகிறது. உழைத்தது அவர், பாராட்டு வேறெங்கோ போகிறது.

ஆனால் சேராதவராக இருப்பதில் ஒரு பயனும் உண்டு. ஏறத்தாழ 12-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து இத்தாலியின் பல நகரங்கள் தங்கள் தலைமை நடுவரை வேண்டுமென்றே வேற்று நகரத்திலிருந்து அழைத்துவந்தன. ‘போதெஸ்தா’ எனப்பட்ட அவருக்குப் பதவிக்காலம் பொதுவாக ஓராண்டோ ஆறு மாதமோதான். அது முடிந்ததும் அவருடைய செயல்கள் தணிக்கைக்கு உட்படும். உள்ளூர்க் குடும்பங்கள் தலைமுறைப் பகையில் மூழ்கியிருந்த நகரத்தில், எந்தக் குடும்பத்துக்கும் மருமகனோ கடனாளியோ அல்லாத ஒருவர்தான் தீர்ப்புச் சொல்லத் தக்கவர் என்று அவர்கள் முடிவு செய்தார்கள். சிம்மல் இதை அந்நியரின் புறநிலைப் பார்வை என்று அழைத்தார். அதை அக்கறையின்மை என்று புரிந்துகொள்வது தவறு. அக்கறை இருக்கிறது, கட்டுகள் இல்லை.

நெடும்பயணத்தில் பக்கத்து இருக்கைக்காரரிடம், உடன்பிறந்தவரிடம்கூடச் சொல்லாத ஒன்றை மனிதர்கள் சொல்லிவிடுவதற்கும் இதுவே காரணம். கேட்பவர் நம் வாழ்வின் எந்த முடிச்சிலும் இல்லை. சொன்னதை எடுத்துச் சென்று கொடுக்க அவருக்கு நம் வட்டத்தில் ஆளும் இல்லை. கட்டற்றவர் என்ற இந்தத் தகுதியே கெட்ட காலத்தில் குற்றச்சாட்டாகத் திரும்பும். ஊரில் கலகம் மூண்டால், ‘நம் மக்கள் இப்படிச் செய்ய மாட்டார்கள், வெளியிலிருந்து வந்தவர்கள் தூண்டிவிட்டார்கள்’ என்ற பேச்சு எழுவது எல்லாக் காலத்துக்கும் பொதுவானது என்பதையும் சிம்மல் கவனித்து எழுதியிருக்கிறார்.

இதுவரை சொன்னவை, பெரும்பாலும், அந்நியர் ஊராரின் கண்ணுக்கு எப்படித் தெரிகிறார் என்பது. அவருடைய கண்ணுக்கு ஊர் எப்படித் தெரிகிறது என்பதை எழுதியவர் சமூகச் சிந்தனையாளர் ஆல்ஃபிரட் ஷூட்ஸ். 1899-இல் வியன்னாவில் பிறந்த இவர், 1938-இல் ஹிட்லரின் ஜெர்மனி ஆஸ்திரியாவை இணைத்துக்கொண்டபோது பாரிசுக்கும், 1939-இல் நியூயார்க்குக்கும் பெயர்ந்தார். 1944-இல் அமெரிக்கச் சமூகவியல் ஆய்விதழ் ஒன்றில் அந்நியரைப் பற்றிய அவருடைய கட்டுரை வெளியானது. அதில் வேற்று நாட்டில் குடியேறியவரை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டாலும், வேறு எளிய மனிதர்களையும் அவர் சேர்த்துச் சொல்கிறார்: பெண் வீட்டாரிடம் ஏற்புப் பெற விரும்பும் மாப்பிள்ளை, கல்லூரிக்குள் நுழையும் உழவரின் மகன், கிராமத்தில் குடியேறும் நகரவாசி, படையில் புதிதாகச் சேர்ந்தவர். இவர்கள் அனைவரும் அந்நியர் நிலையைக் கடப்பவர்களே.

ஒவ்வொரு குழுவும் அன்றாட வாழ்வை நடத்துவதற்கான செய்முறைக் குறிப்புகளைத் தன் உறுப்பினர்களுக்குக் கொடுத்துவைத்திருக்கிறது என்கிறார் ஷூட்ஸ். யாரிடம் முதலில் பேச வேண்டும், எந்த அளவுக்குச் சிரிக்கலாம், ‘ஒரு நாள் வீட்டுக்கு வாருங்கள்’ என்பது உண்மையான அழைப்பா வெறும் உபசாரமா என்பனவெல்லாம் அக்குறிப்புகளில் அடங்கும். அங்கேயே வளர்ந்தவருக்கு இவை அறிவாகவே தோன்றுவதில்லை. ‘இது இப்படித்தான்’ என்பதாகவே தோன்றும். அவரை நிறுத்தி விளக்கம் கேட்டால் திகைத்துப்போவார். வந்தவருக்கோ ஒவ்வொன்றும் கேள்வி. ஊரார் நடந்து போகும் பாதையில் அவர் ஒவ்வோர் அடியையும் சோதித்து வைக்க வேண்டியிருக்கிறது. இதனால் அவர் மந்தமானவர்போலவும், மிகையாகப் பணிபவர்போலவும், சில வேளைகளில் கர்வம் பிடித்தவர்போலவும் தோன்றக்கூடும். உண்மையில் அவர் வெறுமனே கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்.

மொழியை வைத்து ஷூட்ஸ் இதை அழகாக விளக்குகிறார். அகராதியும் இலக்கணமும் ஒரு மொழியைப் புரிந்துகொள்ள உதவும். ஆனால் அதில் காதல் கடிதம் எழுதியிருந்தால், வேண்டிக்கொள்ளவும் திட்டவும் தெரிந்திருந்தால்தான் அது ஒருவர் வசமாகும். வேற்றுமொழியில் பிழையின்றி அலுவல் கடிதம் எழுதும் ஒருவர், அதே மொழியில் ஒரு குழந்தையைக் கொஞ்ச வேண்டியபோது சொல்லின்றி நிற்பதை எண்ணிப் பார்த்தால் இந்த வேறுபாடு விளங்கும். ஊரின் நிகழ்காலத்தை வந்தவர் பகிர்ந்துகொள்ளலாம், எதிர்காலத்தையும் பகிர்ந்துகொள்ளலாம். கடந்தகாலம் மட்டும் அவருக்கு அடைபட்டே இருக்கும். அவர்களுடைய பார்வையில் அவர் வரலாறு இல்லாத மனிதர் என்று ஷூட்ஸ் எழுதினார். பழைய சம்பவம் ஒன்றை நினைவுகூர்ந்து எல்லாரும் சிரிக்கும்போது, பொருள் புரியாமல் புன்னகைத்த அனுபவம் உள்ள எவருக்கும் இந்தத் தொடருக்கு விளக்கம் தேவைப்படாது.

அடுத்த ஆண்டே, 1945-இல், அவர் ஊர் திரும்புபவரைப் பற்றி எழுதினார். புதிய இடத்துக்குப் போகிறவர் அங்கே எல்லாம் வேறாக இருக்கும் என்று எதிர்பார்த்தே போகிறார். திரும்பி வருபவரோ எல்லாம் விட்டுச்சென்றபடியே இருக்கும் என்று நம்பி வருகிறார். அவருடைய அதிர்ச்சி அதனாலேயே கூடுதலானது. வீடும் மாறியிருக்கிறது, அவரும் மாறியிருக்கிறார். ஆனால் இருவருமே மற்றவரைப் பழைய நினைவை வைத்தே அளக்கிறார்கள். ஒரே இடத்தைவிட்டு நகராமல் வாழ்ந்தவர்க்கும் இதில் பங்கு உண்டு. தொடக்கத்தில் ‘இப்படியொரு அன்பு வேறெங்கும் இருந்ததில்லை’ என்று நம்பும் இருவரிடையே, ‘இது யாரோடு வேண்டுமானாலும் நிகழ்ந்திருக்கக் கூடியதுதானே’ என்ற எண்ணம் நுழையும்போது அங்கே அந்நியத்தன்மையின் சாயல் விழுகிறது என்பது சிம்மலின் கூர்மையான ஒரு கவனிப்பு.

பெருநகரம் இந்தக் கருத்தை வேறொரு கோணத்தில் சோதிக்கிறது. சிற்றூரில் அந்நியர் ஒரு விதிவிலக்கு. நகரத்தில் ஏறத்தாழ அனைவருமே அந்நியர், ஆகவே எவரும் தனித்துத் தெரிவதில்லை. அங்கே ஒருவரையொருவர் கடக்கும் மனிதர்கள், எதிரே வருபவரை ஒரு கணம் நோக்கி அவர் இருப்பை ஒப்புக்கொண்டு, உடனே பார்வையை விலக்கி, அவரிடம் தமக்குத் தனிக் கவனம் ஏதும் இல்லை என்று காட்டுகிறார்கள். இந்த நாகரிகமான கவனிக்காமையைச் சமூகவியலாளர் எர்விங் காஃப்மன் 1963-இல் விரிவாக ஆராய்ந்தார். முறைத்துப் பார்ப்பதும் பிழை, ஆளே இல்லாததுபோல் பார்ப்பதும் பிழை. இரண்டுக்கும் இடையிலுள்ள ஒரு நொடிப் பார்வையைக் கோடிக்கணக்கானோர் ஒருவரும் கற்றுத்தராமலே கற்றிருக்கிறார்கள். திருவள்ளுவர் இதற்குப் ‘பொதுநோக்கு’ என்ற சொல்லை ஆள்கிறார். ஏதிலாரைப் போல ஒருவரையொருவர் பொதுவாக நோக்கிக்கொள்வது காதலரிடம் உள்ள இயல்பு என்கிறது 1099-ஆம் குறள். அந்நியர்போல நடிப்பதற்குக்கூட அந்நியரின் பார்வை எப்படியிருக்கும் என்பது நன்கு தெரிந்திருக்க வேண்டும்!

நகர அந்நியர்களுள் ஒரு தனி வகையினரை, பழகிய அந்நியர்கள் என்று பெயரிட்டு, 1972-இல் விளக்கினார் உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம். ஒரே நிலையத்தில் நாள்தோறும் ஒரே நேரத்துக்கு வண்டி ஏறுபவர்களை அவருடைய மாணவர்கள் படமெடுத்து, பின்னர் அந்தப் படங்களை அதே பயணிகளிடம் காட்டி விசாரித்தார்கள். பெரும்பாலானவர்கள், தாங்கள் ஒருபோதும் பேசியிராத, ஆனால் முகம் நன்கு தெரிந்த சிலரை அந்தப் படங்களில் அடையாளம் காட்டினார்கள். இவர்கள் வெறும் அறிமுகமற்றவர்கள் அல்லர். பேசாமல் இருப்பது என்ற ஓர் ஒப்பந்தத்தை இருதரப்பும் சொல்லாமலே காத்துவருகிறார்கள். நாள்கள் செல்லச் செல்ல அதை உடைப்பது கடினமாகிறது. ஆனால் இடம் மாறினால் ஒப்பந்தம் தளர்கிறது. நிலையத்தில் பல ஆண்டுகள் பேசாதிருந்தவர்கள், தொலைதூர நாடொன்றில் எதிர்ப்பட்டால், உறவினரைக் கண்டதுபோல் நெருங்கிவருவார்கள் என்று மில்கிராம் குறிப்பிட்டார்.

அவர் பதிவு செய்த நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில், தம் குடியிருப்புக்கு அருகே தெருவில் ஒரு பெண்மணி மயங்கி விழுந்தார். அதே தெருவில் வசித்த இன்னொரு பெண்மணி உடனே ஆம்புலன்சை வரவழைத்ததோடு நில்லாமல், தாமும் அதில் ஏறி மருத்துவமனைவரை சென்று, அவருக்கு முறையான சிகிச்சை கிடைப்பதையும் அவருடைய உடைமைகள் களவுபோகாமல் இருப்பதையும் பார்த்துக்கொண்டார். இருவரும் அதுவரை ஒரு சொல்கூடப் பேசிக்கொண்டதில்லை. பின்னர் காரணம் கூறியபோது, பல ஆண்டுகளாக ஒருவரையொருவர் பார்த்துவந்ததால் அவர்மீது தமக்கு ஒரு தனிப் பொறுப்பு இருப்பதாக உணர்ந்தேன் என்றார் அந்த அயலார்.